டெட்லிஃப்ட் முடிந்ததும் சுகர் 241, ராத்திரி 2 மணிக்கு 51: எங்கே தப்பு செய்கிறேன்?

புதுத்தோள்

வயது 26, டைப் 1 சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடம். பேனா ஊசிதான், இன்சுலின் பம்ப் இல்லை. ராத்திரி ஒரு நீண்ட நேர இன்சுலின், சாப்பாட்டுக்குச் சாப்பாடு வேகமானது. கையில் சுகரைத் தொடர்ந்து போனில் காட்டும் சென்சார் உண்டு. ஜிம்மில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் ஆறரைக்குப் போனால் ஏழரைக்கு வெளியே வந்துவிடுவேன். ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடைக் கம்பியைத் தூக்குவது), ரோ, அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் இல்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், கிட்டத்தட்ட ஒவ்வொரு டெட்லிஃப்ட் நாளும் இதே கதைதான். ஆரம்பிக்கும்போது 128, சென்சாரின் அம்பு நேராக, அதாவது ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. நல்ல நம்பர் என்று சந்தோஷமாகக் கம்பியைப் பிடித்தேன். ஒரு செட்டுக்கு ஐந்து ரெப் (ஐந்து தரம் தூக்குவது), நான்கு செட், 60 கிலோ. முடித்துவிட்டு போனைப் பார்த்தால் 241, மேலே பார்த்த அம்பு. ஒரு வாய் கூட சாப்பிடவில்லை, வெறும் தண்ணீர். எனக்கு ஒரு யூனிட் 40 இறக்கும், அந்தக் கணக்கில் 3 யூனிட் போட்டேன். வீட்டுக்கு வந்து எட்டரைக்கு வழக்கமான சாப்பாடு, வழக்கமான டோஸ். படுக்கும்போது 118.

ராத்திரி 2 மணிக்கு அலாரம். தலையணை நனைந்திருக்கிறது, சென்சாரில் 51, விரலில் குத்திப் பார்த்தால் 55. சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு ஜூஸ் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்துத் திறந்தேன். அப்புறம் பயத்தில் கண்டபடி தின்று காலையில் 290. வீட்டில் எல்லாரும் ஜிம்மை விடு என்கிறார்கள். எனக்கு விட மனசில்லை, இந்த ஐந்து வாரத்தில்தான் முதல் முறையாக உடம்பு என் பேச்சைக் கேட்பது மாதிரி இருக்கிறது. உடற்பயிற்சி செய்தால் சுகர் இறங்கும் என்றுதானே ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள், இது என்ன தலைகீழாக இருக்கிறது? வெயிட் தூக்குகிற டைப் 1 ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நடைராஜா

தம்பி, எனக்கு 14 வருடமாகச் சுகர். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், மாத்திரையே பாதியாகக் குறைந்துவிட்டது. சுகர் உள்ளவர்களுக்கு நடைதான் சரி. இந்த எடை தூக்குவதெல்லாம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சுகரையும் ஏற்றுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். எதற்கு வம்பு?

பழைய இரும்பு

நடைராஜா ஐயா, உங்களுக்கு நடை பலன் தந்தது சந்தோஷம். ஆனால் மாத்திரை குறைந்தது என்கிறீர்கள் என்றால் உங்களுடையது டைப் 2. இந்தத் தம்பிக்குக் கணையம் இன்சுலினே சுரப்பதில்லை, ஒவ்வொரு துளியும் ஊசியில்தான் போகிறது, அதனால் இரண்டு பேருக்கும் விளையாட்டின் விதியே வேறு. இன்னொன்று, அவர் பயப்படும் அந்த ராத்திரி லோ (சுகர் அளவுக்கு மீறி இறங்குவது) நீண்ட நடைக்கு அப்புறமும் வரும், சொல்லப்போனால் நடக்கும்போதே வரும்.

இப்போது தம்பிக்கு. நான் டைப் 1-உடன் 19 வருடம், அதில் 11 வருடம் கம்பியோடு. நீங்கள் ஒன்றும் விசித்திரமாகச் செய்யவில்லை, எல்லாரும் முதல் மூன்று மாதம் இதே குழியில்தான் விழுகிறோம், நானும் விழுந்தேன்.

கனமான எடையை ஐந்து ரெப் தூக்குவது உடம்புக்கு ஒரு சண்டை மாதிரி. அட்ரினலின் ஏறுகிறது, அது ஈரலைத் தட்டி எழுப்பி, சேமித்து வைத்த குளுக்கோஸை ரத்தத்தில் கொட்டச் சொல்கிறது. டைப் 1 இல்லாதவருக்கும் இது நடக்கும், ஆனால் செட் முடிந்ததும் அவர் கணையம் சட்டென்று இன்சுலினை விட்டு அதைச் சமன்செய்துவிடும். நமக்கு அந்த ஆள் வேலைக்கு வருவதில்லை. அதனால் 128 நேராக 241 ஆகிறது. நடை, மெதுவான ஓட்டம், சைக்கிள் இதெல்லாம் வேறு சங்கதி, அங்கே தசை குளுக்கோஸை நிதானமாக இழுத்துக்கொண்டே இருக்கும், ஈரல் கொடுப்பதைவிட தசை எடுப்பது அதிகம், அதனால் சுகர் இறங்கும். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பொய் இல்லை, பாதி.

மீதிப் பாதி ராத்திரியில் வருகிறது. பயிற்சியில் காலியான இருப்பைத் தசை திரும்ப நிரப்ப வேண்டும், அதற்கான சர்க்கரையை ரத்தத்திலிருந்துதான் எடுக்கும். கூடவே பயிற்சி செய்த தசை இன்சுலினுக்கு வழக்கத்தைவிட அதிகமாகக் காது கொடுக்கும். இது பல மணி நேரம் நீடிக்கும், சிலருக்கு ஒரு நாள் முழுக்க. சாயங்காலம் ஏழரைக்கு முடித்த ஆளுக்கு 2 மணி என்பது ஆறரை மணி நேரம் கழித்து, அச்சு அசலாக லோ வரும் நேரம்.

ஆக நேற்று நீங்கள் செய்தது என்ன? தானாக இறங்கியிருக்கக்கூடிய ஒரு ஏற்றத்துக்கு முழு 3 யூனிட், ஒரு மணி நேரத்தில் அதன் மேலேயே சாப்பாட்டுக்கு முழு டோஸ், அதற்கும் மேல் பசியோடு காத்திருக்கும் தசை. 118-இல் படுத்தபோது அந்தச் சாப்பாட்டு ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருந்திருக்கும். 51-க்கு வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். இதை உங்கள் டாக்டரிடம் காட்டிப் பேசிவிட்டு உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள், என் நம்பரை அப்படியே எடுக்காதீர்கள். கடைசி செட் முடிந்ததும் 15 நிமிடம் டிரெட்மில்லில் மெதுவாக நடப்பேன், சும்மா, பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில். அதிலேயே 30, 40 இறங்கிவிடும். அதற்கப்புறமும் ஊசி எடுக்க மாட்டேன், குளித்து உடை மாற்றி முக்கால் மணி நேரம் பார்ப்பேன். அப்போதும் 220-க்கு மேலேயே நின்றால் கணக்குக்கு வரும் திருத்த டோஸில் (ஏறிய சுகரை இறக்கப் போடும் ஊசி) பாதி மட்டும். ராத்திரிச் சாப்பாட்டு டோஸில் கால்வாசி குறைப்பேன், கால்களுக்கான பயிற்சி நாள் என்றால் இன்னும் கொஞ்சம். படுக்கும்போது 130-க்குக் கீழே இருந்தால் ஊசி இல்லாமல் ஏதாவது சின்னதாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் விளக்கை அணைப்பது.

நீண்ட நேர இன்சுலினைக் குறைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அது எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. டெக்லுடெக் மாதிரி 42 மணி நேரத்துக்கும் மேல் நிற்கும் மருந்து என்றால் ஒரு ராத்திரிக்குக் குறைத்து ஒன்றும் ஆகாது, அடுத்த இரண்டு நாள் சுகர்தான் ஏறும். இதில் மட்டும் தயவுசெய்து சொந்தப் புத்தி வேண்டாம்.

கார்டியோவும் செய்கிறீர்கள் என்றால் வெயிட்டை முதலில் வையுங்கள். 2012-இல் கனடாவில் 12 டைப் 1 ஆட்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள், ஒரு நாள் முதலில் ஓட்டம் அப்புறம் வெயிட், இன்னொரு நாள் மாற்றி. வெயிட்டை முதலில் செய்த நாளில் ஓடும்போது சுகர் அவ்வளவாக விழவில்லை. நான் இதைப் படிப்பதற்கு முன்னாலேயே சோம்பேறித்தனத்தால் ஓட்டத்தைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன், அப்படியாவது ஒன்று சரியாக அமைந்தது.

அப்புறம் ரெப் எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஐந்து ரெப் கனமாகத் தூக்கினால் எனக்கு ஏறும், அதே ஸ்குவாட்டை எடை குறைத்து பதினைந்து ரெப், நடுவில் முப்பது வினாடி மட்டும் ஓய்வு என்று செய்தால் இறங்கும். ஒரே பயிற்சி, ஒரே ஜிம், எதிர்த் திசை. காலையில் வெறும் வயிற்றில் செய்தால் இன்னும் அதிகமாக ஏறும். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு என்ன தூக்கினீர்கள், முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, ராத்திரி எவ்வளவு என்று ஆறு வாரம் எழுதுங்கள். உங்கள் உடம்பின் குணம் அதில் தெரிந்துவிடும்.

சென்சார்காரி

பழைய இரும்பு அண்ணன் சொன்னதில் எல்லாம் சம்மதம். அவர் சொல்லாமல் விட்ட சில்லறை விஷயங்களைச் சொல்கிறேன், இந்தச் சில்லறைதான் என்னை அதிகம் படுத்தியது. நான் பம்ப், மூன்று வருடமாகத் தூக்குகிறேன், 40 கிலோவில் ஆரம்பித்த டெட்லிஃப்ட் இப்போது 95.

முதலில், சென்சார் காட்டுவது ரத்தத்தை இல்லை, தோலுக்கு அடியில் இருக்கும் நீரை. சாதாரணமாகவே சில நிமிடம் பின்தங்கும், சுகர் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடைவெளி இன்னும் தெரியும். போனில் 95 என்று பார்த்துவிட்டு அடுத்த செட்டுக்குப் போன நாளில் விரலில் குத்தினால் 68. அம்பு கீழே பார்த்தால் நம்பரை நம்பாதீர்கள், அம்பை நம்புங்கள்.

விரலில் குத்துவதிலும் ஒரு கூத்து உண்டு. லோ வந்து குளுக்கோஸ் மாத்திரையைக் கையால் எடுத்துத் தின்றுவிட்டு, அதே விரலைத் துடைக்காமல் குத்தினேன், 310 என்றது. ஒரு நொடி நம்பியும்விட்டேன், பம்பில் விரலை வைத்துவிட்டேன். மாத்திரைத் தூள் விரலில் ஒட்டியிருந்திருக்கிறது. கழுவிவிட்டுக் குத்தினால் 74. அந்த 310-க்கு இன்சுலின் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

ஊசி போடும் இடம்: ஸ்குவாட் நாளில் தொடையில் போட்டுவிட்டு ஜிம்முக்குப் போகாதீர்கள். வேலை செய்யும் தசையில் ரத்த ஓட்டம் அதிகம், இன்சுலின் சீக்கிரம் உறிஞ்சப்பட்டு ஒரேயடியாக வேலை செய்யும். வயிறு பாதுகாப்பு. ஆனால் வயிற்றில் பம்ப் குழாய் வைத்துக்கொண்டு மேலே இடுப்பு பெல்ட்டை இறுக்கினால் அது வேறு தொல்லை. எனக்குக் குழாய் மடங்கி, மூன்று மணி நேரம் இன்சுலினே போகாமல், பயிற்சியால்தான் சுகர் ஏறுகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 340 தாண்டி வாந்தி வந்தபோதுதான் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். டெட்லிஃப்ட் ஏற்றம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலையைக் குனிய ஆரம்பிக்கும், குனியவே இல்லை என்றால் காரணம் வேறு.

இன்னொன்று யாரும் சொல்லித்தராதது. வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், இதெல்லாம் லோவின் அடையாளம், கனமான ஸ்குவாட் செட்டின் அடையாளமும் இதே மூன்றுதான். எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? நான் கணக்கை வைத்துப் பார்க்கிறேன். கம்பியில் இப்போது மொத்தம் எத்தனை கிலோ என்று எனக்குள் கூட்டிப் பார்ப்பேன். சட்டென்று வந்தால் களைப்பு. இருபது, பத்து, அந்தப் பக்கம்... என்று மனசு வழுக்கினால் கம்பியை வைத்துவிட்டு விரலில் குத்துவேன். மூன்று வருடத்தில் இரண்டு தரம்தான் ஏமாற்றியிருக்கிறது. பெஞ்ச் பிரஸ் நாளில் மட்டும் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் படுக்க மாட்டேன், நெஞ்சின் மேல் கம்பி இருக்கும்போது லோ வந்தால் கணக்குப் போட நேரம் இருக்காது. பயிற்றுநரிடமும் சொல்லி வையுங்கள், குளுக்கோஸ் எந்தப் பையில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியட்டும். பூட்டிய லாக்கரில் இருக்கும் குளுக்கோஸ் யாருக்கும் உதவாது.

ராத்திரி அலாரம் பற்றி: சென்சார் இருக்கும் கையின் மேல் படுத்தால் அழுத்தத்தில் அது பொய்யாக லோ காட்டும். நீங்கள் விரலில் குத்திப் பார்த்தீர்கள், நல்லது. நான் ஆறு மாதம் பார்க்காமலே ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்கோட்டு

நீரிழிவுப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன், டைப் 1 ஆட்களுக்கு இன்சுலின் பயிற்சி கொடுப்பது என் வேலை. மேலே இருவரும் சொன்னவை அனுபவசாலிகளின் பேச்சு, நான் சொல்ல விட்டுப்போனவை சில உள்ளன. கொஞ்சம் கறாராகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும்போது 90-க்குக் கீழே இருந்தால் முதலில் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ், 90 தாண்டிய பிறகுதான் கம்பி. வெயிட்டுக்கு மட்டும் என்றால் 90-க்கு மேல் போதும், ஓட்டம் சைக்கிள் என்றால் 126 முதல் 180 வரை இருப்பது நல்லது. 270-க்கு மேல் இருந்து, அதற்கு ஒரு சாப்பாடு காரணமாகத் தெரியவில்லை என்றால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) பாருங்கள். ரத்தக் கீட்டோன் 1.5 mmol/L அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்குப் பயிற்சியே கிடையாது, டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இன்சுலின் போதாமல் சுகர் ஏறியிருக்கும் உடம்பில் பயிற்சி செய்தால் சுகரும் கீட்டோனும் இன்னும் ஏறத்தான் செய்யும்.

முந்தின 24 மணி நேரத்தில் இன்னொருவர் உதவி தேவைப்பட்ட அளவுக்குக் கடுமையான லோ வந்திருந்தால் ஓய்வெடுங்கள். 51 அந்த வகை இல்லை, நீங்களே சமாளித்தீர்கள், ஆனால் 54-க்குக் கீழே போவது சின்ன விஷயமும் இல்லை. ஒரு லோ வந்தால் அடுத்த லோவுக்கு உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை மழுங்கிவிடும். நேற்று ராத்திரி வியர்த்து எழுந்தீர்கள், இன்றைக்கு அதே 51 வந்தால் வியர்க்காமல் போகலாம். அதனால் அடுத்த நாள் கூடுதல் கவனம். லோ வந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் காத்திருத்தல், மறுபடி சோதனை. கண்டபடி தின்று 290-இல் எழுந்தேன் என்றீர்களே, அந்த 15 நிமிடம் சும்மா உட்காருவதுதான் இந்த நோயிலேயே கடினமான வேலை என்று என்னிடம் வருபவர்கள் பலரும் சொல்வார்கள். எண்ணி வைத்த மாத்திரைகளைத் தலைமாட்டில் வையுங்கள், சமையலறைக்கே போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு குளுககான் (கடுமையான லோவில் சுகரை ஏற்றக் கொடுக்கும் அவசர மருந்து) எங்கே இருக்கிறது, எப்படிக் கொடுப்பது என்று தெரிய வேண்டும்.

ஒன்பது வருடம் ஆகிறது என்றால் விழித்திரைப் பரிசோதனை இந்த வருடம் செய்தாயிற்றா? மூச்சை அடக்கிக்கொண்டு கனமாகத் தூக்கும்போது ரத்த அழுத்தம் சில வினாடிகளுக்கு வெகுவாக ஏறும். கண்ணுக்குள் புதிதாக, பலவீனமான ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கும் நிலையில் அது ரத்தக் கசிவில் முடியலாம். கண் சுத்தமாக இருந்தால் இந்தப் பயம் வேண்டாம். நடைராஜா ஐயா ரத்த அழுத்தம் என்று சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

கிரியாட்டின் (தசைக்காக ஜிம்மில் பலரும் எடுக்கும் பொடி) எடுப்பதாக இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது சிறுநீரகச் சோதனையில் பார்க்கும் கிரியாட்டினின் (creatinine) என்ற கழிவின் அளவைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும், சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தேவையில்லாமல் எல்லாரும் பதறுவீர்கள்.

பழைய இரும்பு

கண் விஷயம் எனக்கு விட்டுப்போனது, நன்றி. புரதப் பொடி பற்றியும் ஒரு வரி: சாப்பாட்டோடு நிறையப் புரதம் சேர்ந்தால் சுகர் உடனே ஏறாது, மூன்று மணி நேரம் கழித்து மெதுவாக ஏறும். அதைப் பார்த்துப் பதறி ஊசியை எடுத்தால் திரும்பவும் அதே 2 மணி அலாரம்தான்.

தம்பி, இன்னும் ஒன்று சொல்கிறேன். சுகருக்குப் பயந்து இன்சுலினையும் சாப்பாட்டையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள். நோய் கண்டுபிடிப்பதற்கு முன் எப்படி இளைத்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? இன்சுலின் போதாத உடம்பு தசையைத்தான் கரைத்துத் தின்னும். வயிறு நிறையச் சாப்பிட்டு, அதற்குச் சரியான இன்சுலின் போட்டால்தான் தூக்கிய எடைக்குத் தசை வரும்.

புதுத்தோள்

எல்லாருக்கும் நன்றி. நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன், நோட்டுப் புத்தகம் பக்கத்தில் இருக்கிறது.

கண் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. டாக்டரிடம் இதையெல்லாம் காட்டினேன், நீண்ட நேர இன்சுலினைத் தொட வேண்டாம், ஜிம் நாளில் ராத்திரிச் சாப்பாட்டு டோஸில் 30 சதவீதம் குறையுங்கள், திருத்த டோஸ் பாதி, அதுவும் ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம் என்றார். நான்கு டெட்லிஃப்ட் நாளில் முடிக்கும்போது 219, 236, 205, 228. கையைக் கட்டிக்கொண்டு டிரெட்மில்லில் நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது, பழக்கதோஷத்தில் விரல் பேனாவைத் தேடுகிறது. ஊசி போடாமலே நான்கில் மூன்று நாள் ஒன்பது மணிக்குள் 170-க்குக் கீழே வந்துவிட்டது. ராத்திரி லோ ஒரு முறை, 64, அது ஸ்குவாட்டைப் பன்னிரண்டு ரெப்பாகச் செய்த நாள், டோஸை இன்னும் குறைத்திருக்க வேண்டும். மாத்திரை தலைமாட்டில் இருந்தது, நான்கைத் தின்றுவிட்டு 15 நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலையில் 131.

கணக்குப் போடும் வித்தை வேலை செய்கிறது அக்கா. போன வாரம் 60-ஓடு 10-ஐக் கூட்ட வரவில்லை, குத்திப் பார்த்தால் 66.

டெட்லிஃப்ட் 72.5. ஒரே ஒரு சந்தேகம். நேற்று 2 மணிக்கு மறுபடி அலாரம், சென்சாரில் 58, விரலில் 112. கையின் மேலேயே படுத்திருக்கிறேன். வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கையை விட்டால் வேறு எங்கே ஒட்டலாம்?

சென்சார்காரி

உங்கள் சென்சாருக்கு எந்தெந்த இடம் அனுமதி என்று அதன் கையேட்டில் பாருங்கள், எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் ஒட்ட முடியாது. கைதான் என்றால் நீங்கள் படுக்காத பக்கத்துக் கைக்கு மாற்றுங்கள், பின்பக்கத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, இல்லாவிட்டால் ஸ்குவாட் ஸ்டாண்டில் இடித்துப் பிய்ந்துவிடும். நான் இரண்டைப் பறிகொடுத்திருக்கிறேன். மேலே ஒரு அகலமான ஒட்டுத்துணி போட்டுக்கொள்ளுங்கள், நடுவில் ஓட்டை உள்ளது. வீட்டில் எல்லாரையும் எழுப்பியதற்கு இன்றைக்குப் பாத்திரம் கழுவிவிடுங்கள்.